‘இல்லை’ என்ற விடைக்கும் விலை உண்டு

தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு ‘16 கோடி ரூபாய் ஊசி’ என்றால் விளக்கம் தேவையில்லை. முதுகுத்தண்டுவடத் தசைச் சிதைவு என்ற மரபணுக் கோளாறோடு பிறந்த குழந்தைக்கு ஒரே ஒருமுறை செலுத்தும் மருந்து அது. பெற்றோர் கைகூப்பி வேண்டுகிறார்கள். பெயர் தெரியாதவர்கள் நூறும் ஐந்நூறுமாக அனுப்புகிறார்கள். தொகை நிறைந்தால் ஊசி வந்து சேர்கிறது. அங்கே மருந்து இருக்கிறது, கைக்கு எட்டாதது அதன் விலைதான். ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயின் கதை வேறு. அந்த நோய் கண்ட இளைஞர்களின் குடும்பங்களும் உலகெங்கும் நிதி திரட்டுகின்றன, சில சமயம் 16 கோடியைவிடப் பல மடங்கு அதிகமாக. ஆனால் பெரும்பாலான நோயாளிகளுக்கு, எவ்வளவு பணம் சேர்ந்தாலும் வாங்குவதற்கு நோயை நிறுத்தும் மருந்து கடையில் இல்லை. பணம் ஆய்வுக்குப் போகிறது; ஆய்வு முடியும்போது பிள்ளை பெரும்பாலும் உயிரோடு இருப்பதில்லை. அப்படியானால் அந்தப் பணம் எதைத்தான் வாங்குகிறது? ஒரு கேள்விக்கு நேர்மையான விடையை வாங்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். விடை ‘ஆம்’ என்று வரலாம், ‘இல்லை’ என்றும் வரலாம். ‘இல்லை’ என்று வந்தால் அதற்கும் பணம் கொடுக்கத் தயாராக இருக்கும் குடும்பங்கள்தான் இந்த நோயின் வரலாற்றை நகர்த்தியிருக்கின்றன.

நாம் விரலை மடக்குவதற்கு இரண்டு கட்ட நரம்புச் செல்கள் வேலை செய்கின்றன. முதல் கட்டம் மூளையின் மேற்பரப்பிலிருந்து தண்டுவடத்துக்குக் கட்டளையைக் கொண்டுவருகிறது. இரண்டாம் கட்டம் அதை வாங்கித் தசைக்குக் கடத்துகிறது. கால் விரலுக்குப் போகும் இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் ஓட வேண்டும். ஏஎல்எஸ் இந்த இரண்டு கட்டத்துச் செல்களையும் கொல்கிறது. கட்டளை வராத தசை துடிக்கிறது, விறைக்கிறது, இளைக்கிறது. கை, கால், பேச்சு, விழுங்குதல் என்று போய்க் கடைசியில் மூச்சு. தொடு உணர்வும் கேட்கும் திறனும் பெரும்பாலும் கெடுவதில்லை. கண்ணசைவு நெடுநாள் நிலைக்கும். சிலருக்குச் சிந்தனையில் மாற்றம் வந்தாலும் பலருக்குத் தங்களுக்கு நடப்பது முழுவதும் புரிந்துகொண்டே இருக்கும். 1869-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் மார்டான் ஷார்கோ இதைத் தனி நோயாக வரையறுத்தார். அறிகுறி தொடங்கியபின் பொதுவாக 2 முதல் 5 ஆண்டுகள். 21 வயதில் நோய் கண்டு 76 வயதுவரை வாழ்ந்த ஸ்டீஃபன் ஹாக்கிங் மிக அரிய விதிவிலக்கு. அவர் புகழால், இது மெல்ல நகரும் நோய் என்ற தவறான எண்ணம் நம்மிடம் தங்கிவிட்டது. முதல் மருந்தான ரிலுசோல் 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பரிசோதனைகளில் அது கூட்டிக் கொடுத்த ஆயுள் இரண்டு மூன்று மாதங்கள்.

பெரும்பாலும் 55 வயதுக்கு மேல் வரும் நோய் இது. ஆனாலும் இதற்காக நடந்த பெரிய நிதி திரட்டல்கள் பலவற்றின் நடுவில் ஓர் இளைஞரோ இளைஞியோ இருப்பார். காரணம் இரக்கம் மட்டுமல்ல. இளம் நோயாளிக்கு ஓடியாடக்கூடிய பெற்றோர் இருக்கிறார்கள், உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்கள், கல்லூரி நண்பர்களும் விளையாட்டுக் குழுவும் இருக்கிறார்கள். அந்த வலைதான் பணமாக மாறுகிறது. பாஸ்டன் கல்லூரியின் பேஸ்பால் அணித் தலைவராக இருந்த பீட் ஃப்ரேட்ஸ் இதற்குச் சரியான உதாரணம். 2011 கோடையில் ஓர் ஆட்டத்தில் பந்து அவர் மணிக்கட்டில் பட்டது. ஆற வேண்டிய காலத்தில் அது ஆறவில்லை. நோயைக் கொண்டுவந்தது பந்தல்ல. உள்ளே தொடங்கியிருந்ததை அது காட்டிக்கொடுத்தது. 2012 மார்ச் 13 அன்று மருத்துவர்கள் ஏஎல்எஸ் என்று சொன்னபோது அவருக்கு 27 வயது. அன்று மாலையே குடும்பத்தை உட்காரவைத்து, இந்த நோயை பில் கேட்ஸ் போன்ற கொடையாளர்களின் கண்முன் கொண்டுபோய் நிறுத்தப்போகிறோம் என்று அவர் சொன்னதாக வீட்டார் பின்னர் பலமுறை கூறியிருக்கிறார்கள். இரண்டரை ஆண்டுகளில் அது அப்படியே நடந்தது. 2014 ஆகஸ்டில் பில் கேட்ஸ் தன் தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்டார்.

‘ஐஸ் பக்கெட் சேலஞ்ச்’ ஏஎல்எஸ்ஸுக்காகப் பிறந்த விளையாட்டல்ல. வெவ்வேறு தர்ம காரியங்களுக்காகச் சிலர் ஆடிக்கொண்டிருந்தது. 2014 ஜூலையில் ஒரு கோல்ஃப் வீரர் வழியாக அது ஏஎல்எஸ் நோயாளி ஒருவரின் குடும்பத்துக்கு வந்தது. அங்கிருந்து நியூயார்க் மாநிலத்து இளம் நோயாளி பேட் குவினுக்கும், அவர் வழியாக ஃப்ரேட்ஸுக்கும் போனது. ஃப்ரேட்ஸின் விளையாட்டு வட்டம் அதை உலகத்துக்கு எடுத்துச் சென்றது. அமெரிக்காவின் ஏஎல்எஸ் அசோசியேஷனுக்கு 2013-இல் ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 21 வரை வந்த நன்கொடை 21 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு அதே நாட்களில் வந்தது 4 கோடியே 18 லட்சம். அலை ஓய்ந்தபோது மொத்தம் 11.5 கோடி டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 700 கோடி ரூபாய். அதில் 7.7 கோடி ஆய்வுக்கும், 2.3 கோடி நோயாளிகளின் பராமரிப்புக்கும், ஒரு கோடி விழிப்புணர்வுக்கும், மிச்சம் நிதி திரட்டல், வங்கிச் செலவுகளுக்கும் என்று அந்த அமைப்பு கணக்குக் காட்டியது. இந்த இடத்தில்தான் கேள்வி தொடங்குகிறது. அந்த 7.7 கோடி டாலர் என்ன செய்தது?

கைக்கு முதலில் கிடைத்தது ஒரு மரபணு. ‘புராஜெக்ட் மைன்’ என்ற திட்டம், ஏஎல்எஸ் கண்ட இரண்டு நெதர்லாந்துத் தொழில்முனைவோர் தொடங்கியது. 15,000 நோயாளிகளின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்து, நோயில்லாத 7,500 பேருடையதோடு ஒப்பிடுவது அதன் இலக்கு. ஐஸ் பக்கெட் பணத்திலிருந்து 10 லட்சம் டாலர் அதன் அமெரிக்கப் பகுதிக்குப் போனது. 2016-இல், 11 நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ‘நெக்-1’ (NEK1) என்ற மரபணுவுக்கு ஏஎல்எஸ்ஸில் பங்குண்டு என்று அறிவித்தார்கள். நோயாளிகளில் ஏறத்தாழ 3 சதவீதத்தினரிடம் அதன் பழுது காணப்பட்டது. மரபணு கிடைத்ததும் மருந்து வந்துவிடாதா என்று கேட்பவர்கள் ‘சாட்-1’ மரபணுவின் கணக்கைப் பார்க்க வேண்டும். ஏஎல்எஸ்ஸுக்குக் காரணமான முதல் மரபணுவாக அது அறியப்பட்டது 1993-இல். அதைக் குறிவைத்து, இடுப்பில் ஊசி குத்தித் தண்டுவட நீரில் செலுத்தும் டோஃபர்சென் அமெரிக்காவில் நிபந்தனையோடு அனுமதி பெற்றது 2023-இல். முப்பது ஆண்டுகள். பயன் பெறுவோர் நோயாளிகளில் 2 சதவீதத்தினர். இந்தக் காலண்டரை வைத்துப் பார்த்தால், எந்தக் குடும்பமும் தன் பிள்ளைக்காகப் பணம் திரட்டுவதில்லை. இன்னும் பிறக்காத யாரோ ஒருவரின் பிள்ளைக்காகத் திரட்டுகிறது.

மருந்துக்கு வருவோம். பிரவுன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் 2013-இல் யோசித்த, ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த இரண்டு பொருள்களைச் சேர்த்த கலவை ஒன்று ஏஎல்எஸ் அசோசியேஷனிடமிருந்து 22 லட்சம் டாலர் பெற்றது. 137 நோயாளிகளிடம் 24 வாரம் பரிசோதித்தார்கள். நோயின் வேகத்தை அளக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் அட்டவணை 48 புள்ளிகள் கொண்டது; பேச்சு, எச்சில், விழுங்குதல், கையெழுத்து, உடை உடுத்துதல், படியேறுதல் என்று 12 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி. படுக்கையில் புரண்டு படுப்பது ஒரு கேள்வி. இயல்பாகப் புரண்டால் 4. மெதுவாக, தடுமாறி, ஆனால் உதவியின்றி என்றால் 3. தனியாகப் புரள முடிகிறது, அதுவும் பெரும்பாடு பட்டு என்றால் 2. புரளத் தொடங்கி முடிக்க முடியாமல் நின்றுவிட்டால் 1. அசையவே முடியாவிட்டால் 0. மருந்து சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மருந்து சாப்பிட்டவர்களுக்கும் இடையே 24 வாரத்தில் இரண்டேகால் புள்ளிக்குச் சற்று மேல் வித்தியாசம் வந்தது. தாளில் அது சின்ன எண். இரவில் மூன்று முறை எழுந்து மகனைத் திருப்பிப் படுக்கவைக்கும் தாய்க்கு அது சின்ன எண் அல்ல. நிபுணர் குழு 2022 மார்ச்சில் 6-க்கு 4 என்று எதிர்த்தது. செப்டம்பரில் 7-க்கு 2 என்று ஆதரித்தது. அந்த மாதக் கடைசியில் அனுமதி கிடைத்தது. ரெலிவ்ரியோ என்ற பெயரில், ஆண்டுக்கு 1,58,000 டாலர் விலையில், அதாவது ஏறக்குறைய 1.3 கோடி ரூபாய்க்கு, மருந்து சந்தைக்கு வந்தது. ஐஸ் பக்கெட் பணம் மருந்தாயிற்று என்று தலைப்புகள் வந்தன. பிறகு 664 பேரிடம் நடந்த பெரிய பரிசோதனையின் முடிவு 2024 மார்ச்சில் வெளியானது. மருந்துக்கும் வெற்று மருந்துக்கும் வித்தியாசம் இல்லை. ஏப்ரலில் நிறுவனமே மருந்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பத்தாண்டு, கோடிக்கணக்கான மக்கள், கடைசியில் வேலை செய்யாத ஒரு மருந்து. இதற்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் பெரிய பரிசோதனை நடக்காமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வியை அதன் பக்கத்தில் வைத்தே பார்க்க வேண்டும். வேலை செய்யாத மருந்துக்குக் குடும்பங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் ஆண்டுதோறும் அந்த விலையைக் கொடுத்துக்கொண்டே இருந்திருப்பார்கள். அதைவிட மோசமானதும் நடக்கலாம். மினோசைக்ளின் என்ற பழைய நுண்ணுயிர்க் கொல்லி மருந்து, ஏஎல்எஸ் வரவழைக்கப்பட்ட எலிகளின் ஆயுளைக் கூட்டியதாக ஆய்வுகள் சொல்லின. 412 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தபோது, 2007-இல் வந்த முடிவு தலைகீழாக இருந்தது: மருந்து சாப்பிட்டவர்கள் மற்றவர்களைவிட 25 சதவீதம் வேகமாக நலிந்தார்கள். அந்தச் சோதனை நடந்திராவிட்டால், நல்லது செய்கிறோம் என்ற நம்பிக்கையிலேயே மருத்துவர்கள் அதை எழுதிக் கொடுத்திருப்பார்கள். ‘இல்லை’ என்ற விடை எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஏறாததால் அது வீண் செலவு ஆகிவிடாது.

எலிகள் ஏன் பொய் சொல்லின என்பதைக் கண்டுபிடித்ததும் ஒரு குடும்பம் திரட்டிய பணம்தான். கலிபோர்னியாவில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்த ஸ்டீஃபன் ஹேவுட் என்ற தச்சருக்கு ஒருநாள் பூட்டில் நுழைத்த சாவியை வலக்கையால் திருப்ப முடியவில்லை. 1998 கடைசியில், 29 வயதில், ஏஎல்எஸ் உறுதியானது. பொறியாளரான அண்ணன் ஜேமி வேலையை விட்டுவிட்டு, 1999-இல் பாஸ்டன் அருகே வீட்டிலிருந்தபடியே ஒரு லாபநோக்கற்ற ஆய்வு அமைப்பைத் தொடங்கினார். தம்பியை மரபணுச் சிகிச்சையால் காப்பாற்றிவிடலாம் என்ற அவசரம்தான் தொடக்கம். அது நடக்கவில்லை. அதன்பின் அந்த ஆய்வகம் செய்தது அலுப்பூட்டும் வேலை: மற்ற ஆய்வகங்கள் எலிகளில் வெற்றி என்று அறிவித்தவை உட்பட எழுபதுக்கும் மேற்பட்ட மருந்துகளை, அதிக எலிகளை வைத்து, கூடுதல் கட்டுப்பாட்டோடு மறுபடி சோதித்துப் பார்த்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. முந்தைய ஆய்வுகளில் எலிகளின் எண்ணிக்கை போதவில்லை, ஒரே ஈற்று எலிகளைச் சரிசமமாகப் பிரிக்கவில்லை, நோய் அல்லாத காரணத்தால் செத்தவற்றையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று 2008-இல் வெளியான அவர்களின் கட்டுரை விளக்கியது. ஸ்டீஃபன் 2006-இலேயே 37 வயதில் இறந்திருந்தார். தம்பிக்கு மருந்து தேடப் போன அண்ணன் கண்டுபிடித்தது மருந்தை அல்ல, எல்லோரும் மருந்து தேடும் முறையில் இருந்த ஓட்டையை. பெயர் வாங்க வேண்டிய பேராசிரியருக்கும் லாபம் பார்க்க வேண்டிய நிறுவனத்துக்கும், பிறர் முடிவைச் சரிபார்ப்பதில் ஆதாயம் இல்லை. குடும்பத்துக்கு மட்டுமே உண்மை தெரிந்தாக வேண்டியிருந்தது.

இதற்கு வலுவான மறுப்பு நோயாளிகளிடமிருந்தே வருகிறது. ‘எனக்கு இருப்பது மூன்று ஆண்டு. வெற்று மருந்து கொடுக்கப்படும் பாதிப்பேரில் ஒருவனாக நான் ஏன் இருக்க வேண்டும்? கிடைப்பதைக் கொடுங்கள், வருவது வரட்டும்’ என்கிறார்கள். சாகப்போகிறவரிடம் புள்ளியியல் பேசுவது கொடுமையாகத் தோன்றும். அந்தக் கோபத்தைத் தவறென்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை. ஆனால் அப்படியே செய்து பார்த்த அனுபவமும் இருக்கிறது. 2008-இல், 16 பேர் மட்டுமே லித்தியம் சாப்பிட்ட ஓர் இத்தாலிய ஆய்வு பிரமாதமான பலன் என்றது. காத்திருக்க மனமில்லாத நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகள் தாங்களாகவே லித்தியம் எடுக்கத் தொடங்கினார்கள். அவர்களில் பலர், ஹேவுட் சகோதரர்கள் தொடங்கிய நோயாளிகளுக்கான இணையதளத்தில் தங்கள் மருந்தளவையும் உடல்நிலையையும் பதிந்துவந்தார்கள். 149 பேரின் பதிவுகளை, அதே வேகத்தில் நோய் நகர்ந்த மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டபோது பலன் எதுவும் தெரியவில்லை. அவசரப்பட்டவர்களும் கடைசியில் ஒரு விடையைத் தந்துவிட்டுப் போனார்கள். பதிந்து வைத்ததால்தான் தர முடிந்தது. பதியாமல் சாப்பிட்டவர்களின் துணிச்சல் அவர்களோடு போயிற்று. இன்று பல மருந்துகளை ஒரே பரிசோதனையில் சேர்த்து, வெற்று மருந்துப் பிரிவை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைக்கும் முறை பாஸ்டனில் நடக்கிறது; நோய் கண்ட ஷான் ஹீலியின் பெயரில், அவரது நண்பர்கள் 2018-இல் திரட்டிக் கொடுத்த 4 கோடி டாலர் அதற்கு அடித்தளம். வெற்று மருந்து விழும் வாய்ப்பு அதில் குறைகிறது. நோயாளியின் கோபமும் ஆய்வின் கண்டிப்பும் ஒத்துப்போகும் வழி இதுதான்.

இன்னொரு மறுப்பு: யார் சத்தமாகக் கேட்கிறார்களோ அவர்கள் நோய்க்குத்தான் பணம் போகிறது, அழகான இளைஞரும் பிரபலங்களும் இருந்தால் ஏஎல்எஸ், இல்லாவிட்டால் காசநோய்க்குக்கூட நாதியில்லை. 2014-இல் கலிபோர்னியா வறட்சியில் தவித்தபோது தண்ணீரைக் கொட்டியதையும் பலர் கண்டித்தார்கள். ஹைதராபாத்தில் அதற்கு மாற்றாக, ஒரு வாளி அரிசியை ஏழைக்குக் கொடுக்கும் ‘ரைஸ் பக்கெட் சேலஞ்ச்’ பிறந்தது. அரிசி அன்றே பசியாற்றும் என்பதில் சந்தேகமில்லை. பணத்தைப் பங்கிடும் வேலையைப் புகழிடம் விட்டுவிடக் கூடாது என்பதும் உண்மை. அது அரசின் வேலை. ஆனால் அரசை அசைப்பதும் பல சமயம் இந்தச் சத்தம்தான். 37 வயதில் நோய் கண்ட வழக்கறிஞர் பிரையன் வாலக்கும் அவர் மனைவியும் தொடங்கிய இயக்கத்தின் உழைப்பால், ஆண்டுக்கு 10 கோடி டாலர் வரை ஒதுக்க வழிசெய்யும் சட்டம் 2021 டிசம்பரில் அமெரிக்காவில் கையெழுத்தானது. அதற்கு முந்தைய மாதம், ரக்பி வீரர்கள் டோடி வியரும் ராப் பர்ரோவும் முகம் கொடுத்த பிரச்சாரத்துக்குப் பின், பிரிட்டன் அரசு 5 கோடி பவுண்டு அறிவித்தது. ஒரு நோய்க்குத் திரட்டிய நிதி இன்னொரு நோயின் பங்கைத் தின்னாமல் இருக்க, குடும்பத்தின் பணம் அரசின் பணத்துக்கு வாசல் திறப்பதாக இருக்க வேண்டும், மாற்றாக ஆகிவிடக் கூடாது.

ஆய்வுக்குக் கொடுப்பதைவிட, இன்று மூச்சுத் திணறுபவருக்கு வென்டிலேட்டர் வாங்கிக் கொடுக்கலாமே என்பது மூன்றாவது மறுப்பு. இதில் நான் பாதிக்கு உடன்படுகிறேன். ஃப்ரேட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள்: உலகம் அவர் பெயரில் கோடிகளைக் கொட்டிய பின்னும், வீட்டில் செவிலியரை வைத்துக் கவனிக்கும் செலவு மாதம் 80,000 டாலரைத் தாண்டியதாக 2017-இல் செய்திகள் வந்தன, அந்தச் சுமைக்காகத் தனி நிதியே தொடங்க வேண்டியிருந்தது. ஆய்வுக்கு முகமான மனிதரின் வீட்டிலேயே பராமரிப்புக்குப் பணம் போதவில்லை. 2.3 கோடி டாலர் பராமரிப்புக்குப் போனது சலுகை அல்ல, கடமை. இன்னும் கூடுதலாகவே போயிருக்கலாம். ஆனால் பராமரிப்பை மட்டும் செய்துகொண்டிருந்தால் அடுத்த தலைமுறைக்கும் அதே படுக்கையைத்தான் விட்டுச் செல்வோம்.

நமக்கும் இதில் ஒரு பாத்தியதை உண்டு. 1970-இல் சென்னையின் மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் இளம் வயதினரிடம் கண்ட ஒரு தனி வகையை விவரித்தார்கள்: கைகால் இளைப்போடு முகத்திலும் தொண்டையிலும் தளர்ச்சி, கூடவே காது கேளாமை, ஆனால் ஏஎல்எஸ்ஸைவிட மெதுவான போக்கு. ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’ என்று உலக நரம்பியல் நூல்களில் நம் ஊர்ப் பெயரோடு அது நிற்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் காரணம் தெளிவாகவில்லை. அதற்காக யாரும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளவில்லை. 16 கோடி ஊசிக்கு நூறு ரூபாய் அனுப்பும் கைகள் நம்மிடம் ஏராளம். குழந்தையின் முகம் தெரிகிறது, ஊசி வருவதும் தெரிகிறது. முகம் தெரியாத நோயாளிக்காக, வருமா வராதா என்று தெரியாத விடைக்காகக் கொடுக்கும் பழக்கம்தான் இன்னும் வேர்விடவில்லை.

பீட் ஃப்ரேட்ஸ் 2019 டிசம்பர் 9 அன்று, 34 வயதில் இறந்தார். தன் பெயரால் திரண்ட பணத்தில் வளர்ந்த மருந்து வந்ததையும் பார்க்கவில்லை, அது தோற்றதையும் பார்க்கவில்லை. அவர் குடும்பம் அவருக்கு ஆயுள் வாங்கித் தரவில்லை என்று கணக்கு எழுதினால் அது சரியான கணக்குத்தான். ஆனால் இனி அந்தக் கலவையை நம்பி வீட்டை விற்க வேண்டிய அவசியம் எந்தக் குடும்பத்துக்கும் இல்லை. நெக்-1 பழுதோடு பிறப்பவரின் நோய்க்கு இன்று ஒரு பெயராவது உண்டு. ஆகவே, ஆய்வுக்கென்று யாராவது நிதி கேட்டு வந்தால், மருந்து எப்போது வரும் என்று கேட்பதில் பயனில்லை. அதற்கு யாராலும் உண்மையான பதில் சொல்ல முடியாது. கேட்க வேண்டியது வேறு: நீங்கள் தேடும் விடை ‘இல்லை’ என்று வந்தால், அதையும் எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடுவீர்களா? ‘ஆம்’ என்று தயங்காமல் சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்கலாம்.